பெண்கள் கவுண்டி கிரிக்கெட்டில் ஒரு பேட்டரின் கணக்கை எப்படிப் படிப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சார்லட் எட்வர்ட்ஸ் கென்ட் கவுண்டிக்கு இத்தனை வருடம் ஆடினார் என்கிறார்கள். தேடிப் பார்த்தால் இங்கிலாந்துக்கு ஆடிய கணக்குதான் கிடைக்கிறது. ஆண்கள் கவுண்டி ஆட்டக்காரர்களுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரன் என்று போடுகிறார்கள். பெண்களுக்கு ஏன் அப்படி எதுவும் இல்லை? கவுண்டியை மட்டும் நம்பி ஒரு பெண் பேட்டர் காலம் தள்ள முடியுமா?"

கவுண்டி என்றால் இங்கிலாந்தில் நம் மாவட்டம் மாதிரி ஒரு பகுதி; உள்நாட்டுப் போட்டிகளில் அந்தப் பகுதிகளின் பெயரில்தான் அணிகள் ஆடும். கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் ரொம்ப எளிது. ஆட்டங்களே இல்லை.

சர்ரே கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அணிக்கு ஆடிய ஜாக் ஹாப்ஸ் முதல்தர (பல நாள் நடக்கும்) ஆட்டங்களில் 61,000 ரன்னுக்கு மேல் எடுத்தார். அதே சர்ரேயின் பெண்கள் அணிக்கு ஆடியவர் ஜேனட் பிரிட்டின். பெண்கள் டெஸ்ட் வரலாற்றிலேயே அதிக ரன் அவருடையதுதான். எவ்வளவு தெரியுமா? 1,935. 1979 முதல் 1998 வரை சர்வதேச கிரிக்கெட்டில் இருந்தும் அவருக்குக் கிடைத்த டெஸ்ட்கள் 27தான். சராசரி ஐம்பதை ஒட்டி, 49.61. இப்படி ஒரு சராசரி உள்ள ஆண் பேட்டருக்கு அந்தக் காலத்தில் எத்தனை டெஸ்ட் கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். தேசிய அணிக்கே இதுதான் நிலைமை என்றால் கவுண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெண்கள் கவுண்டி சாம்பியன்ஷிப் அந்தப் பெயரில் தொடங்கியது 1997இல்தான். அதற்கு முன்னால் 1980 முதல் வட்டார அணிகளுக்கான போட்டி இருந்தது; கிழக்கு ஆங்கிலியா, கிழக்கு மிட்லண்ட்ஸ் மாதிரி பல கவுண்டிகள் சேர்ந்த அணிகளும் அதில் ஆடின. எல்லாம் ஒருநாள் ஆட்டங்கள். பெண்களுக்குக் கவுண்டி அளவில் நான்கு நாள் ஆட்டம் என்ற ஒன்று கிடையாது. ஆரம்பத்தில் கோடையில் சில நாள்களுக்குள்ளேயே மொத்தப் போட்டியும் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள், ஆசிரியைகள், கல்லூரி மாணவிகள் எல்லாம் லீவு போட்டுவிட்டு வந்து ஆடிவிட்டுப் போவார்கள். பின்னால் அது வாரக்கடைசி ஆட்டங்களாகப் பருவம் முழுக்கப் பரவியது. அப்போதும் ஒரு அணிக்குப் பெரும்பாலும் ஏழெட்டு ஆட்டம்தான் கிடைக்கும். மழை இரண்டை எடுத்துக்கொள்ளும். மீதி ஐந்தாறு இன்னிங்ஸில் ஒன்றில் ரன் அவுட், ஒன்றில் முதல் ஓவரிலேயே எல்பிடபிள்யூ என்று போனால் அந்த வருடத்துக் கணக்கே முடிந்தது. ஆண் பேட்டருக்கு ஃபார்ம் போனால் ஜூன் மாதத்தில் மீட்டுக்கொள்ளலாம். இவர்களுக்கு ஜூனில் பருவமே பாதி தாண்டியிருக்கும்.

அதனால்தான் பெண்கள் கவுண்டி பேட்டரின் மொத்த ரன்னைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று நான் சொல்வேன். கிடைத்த கொஞ்ச இன்னிங்ஸில் என்ன செய்தார், யாரோடு, யாருக்கு எதிராக ஆடினார், எந்த வருடத்தில் பிறந்தார் என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. ஐந்து வருடம் முன்னே பின்னே பிறந்ததால் சம்பளம் வாங்கியவர்களும் வாங்காதவர்களும் இருக்கிறார்கள்.

எட்வர்ட்ஸுக்கு வருவோம். பிறந்தது 1979 டிசம்பர் 17, ஹன்டிங்டனில். விவசாயக் குடும்பம். சின்ன வயதில் பையன்கள் அணிகளில்தான் ஆடினார். அந்தப் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று தனி அணி அவ்வளவாக இல்லை. பெரியவர்கள் ஆட்டத்தில் முதலில் கிழக்கு ஆங்கிலியா அணி, 2000 முதல் கென்ட். 1996இல் 16 வயதில் இங்கிலாந்துக்கு முதல் டெஸ்ட், நியூசிலாந்துக்கு எதிராக கில்ட்ஃபோர்டில். இங்கிலாந்துக்கு அவ்வளவு இளம் வயதில் அதுவரை எந்தப் பெண்ணும் ஆடியதில்லை. அப்போது இங்கிலாந்து அணி பாவாடை போட்டுக்கொண்டுதான் களமிறங்கும். பந்தைத் தடுக்கச் சறுக்கி விழுந்தால் முழங்கால் தோல் போகும். ஆனாலும் அதுதான் சீருடை.

அடுத்த வருடம் இந்தியாவில் உலகக் கோப்பை. 1997 டிசம்பர் 16, புனேயில் அயர்லாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 173. மறுநாள் அவருக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். உலக சாதனை என்று எழுத வேண்டிய ஸ்கோர். ஆனால் விதியைப் பாருங்கள், அதே நாளில் மும்பையில் ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் டென்மார்க்குக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 229 எடுத்துவிட்டார். ஒருநாள் கிரிக்கெட்டில், ஆண் பெண் இருபாலருக்கும் சேர்த்து, அதுதான் முதல் இரட்டைச் சதம். எட்வர்ட்ஸின் 173 இங்கிலாந்துப் பெண்கள் சாதனையாக மட்டும் நின்றது. அதைத் தாண்ட கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் யாராலும் முடியவில்லை.

அப்புறம் ஹாக்கி ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. கிரிக்கெட் ஆடுகிற பெண்கள் குளிர்காலத்தில் ஹாக்கி ஆடுவது அங்கே சாதாரணம். கிரிக்கெட் மட்டும் ஆடி ஒரு வருடத்தை நிரப்ப முடியாதே. மீண்டு வந்தபோது அவருடைய ஆட்டம் கொஞ்சம் மாறியிருந்தது. கால் நகர்த்தி ஆடுவதைவிட நின்ற இடத்தில் பலமாக அடிப்பது. பந்து கொஞ்சம் குட்டையாக வந்தால் புல், நெருங்கி வந்தால் கவர் டிரைவ். நளினமான பேட்டர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. எனக்கு அந்தப் புல் ஷாட்டைப் பார்க்கும்போதெல்லாம் பையன்களோடு ஆடி வளர்ந்தவர் என்பது நினைவுக்கு வரும்.

இங்கே கவுண்டி ஆடுகளங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெண்கள் கவுண்டி ஆட்டங்கள் பெரும்பாலும் பெரிய மைதானங்களில் நடந்ததில்லை. கென்ட் பெண்கள் கேன்டர்பரியில் ஆடினார்கள் என்றால் அது ஆண்கள் ஆடும் புகழ்பெற்ற செயின்ட் லாரன்ஸ் மைதானமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. போலோ ஃபார்ம் என்ற கிளப் மைதானமாகவும் இருக்கும். கிளப் ஆடுகளம் மே மாதத்தில் ஈரமாக, மெதுவாக இருக்கும். பந்து மட்டைக்கு வராது. பெண்கள் ஆட்டத்தின் பந்து எடை குறைவு, 140 முதல் 151 கிராம். ஆண்கள் பந்து ஏறக்குறைய 156இல்தான் ஆரம்பிக்கும். பந்து வீச்சும் மித வேகம். அப்போது விக்கெட் கீப்பர் என்ன செய்வார்? ஸ்டம்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்வார். அவர் அங்கே நிற்கும்வரை பேட்டர் இறங்கி வந்து ஆட முடியாது (பந்தைத் தவறவிட்டால் ஸ்டம்பிங்), கிரீஸை விட்டு வெளியே நின்று வேகத்தைச் சமாளிக்கவும் முடியாது. ரன் வேண்டுமென்றால் கிரீஸுக்குள் நின்றபடியே, வராத பந்துக்குக் காத்திருந்து, சொந்தப் பலத்தில் அடிக்க வேண்டும். எட்வர்ட்ஸின் ஆட்டம் இப்படிப்பட்ட களத்துக்கென்றே செய்ததுபோல் இருந்தது. மற்ற பலர் ஸ்வீப்பைப் பிடித்துக்கொண்டதும் இதே காரணத்தால்தான்.

சரி, கவுண்டியில் என்ன சாதித்தார்? 2003 முதல் 2014 வரை பன்னிரண்டு வருடம் பெண்கள் கவுண்டிப் பட்டம் இரண்டே அணிகளுக்குள் சுற்றியது: சசெக்ஸ், கென்ட். முதல் மூன்று வருடம் சசெக்ஸ். 2006, 2007 கென்ட். 2008 சசெக்ஸ், 2009 கென்ட், 2010 சசெக்ஸ், 2011, 2012 கென்ட், 2013 சசெக்ஸ், 2014 கென்ட். சசெக்ஸில் கிளேர் கானர் இருந்தார். 2005இல் ஆஸ்திரேலியாவிடமிருந்து ஆஷஸ் கோப்பையை மீட்ட இங்கிலாந்துக் கேப்டன் அவர். அவருக்குப் பின் கேப்டன் ஆனவர் கென்ட்டின் எட்வர்ட்ஸ். ஆக, அந்தக் காலத்தில் கென்ட்டும் சசெக்ஸும் மோதினால் இங்கிலாந்து அணியில் பாதி அந்த மைதானத்தில் இருக்கும். மற்ற கவுண்டிகளோடு ஆடும்போது பதினாறு வயதுப் பள்ளிப் பெண்ணின் பந்தையும் அடிக்க வேண்டியிருக்கும். ஒரே போட்டியில் தரம் இவ்வளவு ஏறி இறங்கியதால்தான், கவுண்டி சராசரி எழுபது என்று யாராவது சொன்னால் நான் உடனே "யாருக்கு எதிராக?" என்று கேட்பேன்.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கத்தான் 2002இல் சூப்பர் ஃபோர்ஸ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். கவுண்டிகளிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி நாலு அணியாகப் பிரித்து ஆடவிடுவது. பிற்பாடு அந்த அணிகளுக்கு வைரம், மரகதம், மாணிக்கம், நீலம் என்று ரத்தினங்களின் பெயர். பார்க்கக் கூட்டம் வந்ததா என்றால் இல்லை. ஆனால் பேட்டருக்கு அது அவசியமாக இருந்தது.

பணம்? 2014 மே மாதம் வரை இங்கிலாந்துப் பெண்களுக்கு முழுநேரத் தொழில்முறை ஒப்பந்தமே கிடையாது. அதற்கு முன்னால் 2008இலிருந்து, பள்ளிகளில் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கும் ஒரு அறக்கட்டளை வழியாகச் சிலருக்குப் பயிற்சியாளர் வேலை கொடுத்தார்கள். பகலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, மீதி நேரத்தில் தன் பயிற்சி. 2014இல் 18 பேருக்கு ஒப்பந்தம் வந்தபோது எட்வர்ட்ஸுக்கு 34 வயது.

இந்தப் பணக் கதையில் எனக்கு எட்வர்ட்ஸைவிட கிளேர் டெய்லரின் கதைதான் அதிகம் உறைக்கிறது. பெர்க்‌ஷயர் கவுண்டிக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர், பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் நல்ல வேலை. கிரிக்கெட்டில் முழுதாக இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அந்த வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டுக்கே திரும்பிப் போனார். நம் ஊரில் என்றால் தெருவே வந்து புத்தி சொல்லியிருக்கும். பலன் உடனே வரவில்லை. 2006இல் லார்ட்ஸில் இந்தியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 156 எடுத்தார். அதுவரை லார்ட்ஸ் ஒருநாள் ஆட்டங்களில் தனிநபர் உச்சம் 1979 உலகக் கோப்பை இறுதியில் விவியன் ரிச்சர்ட்ஸ் எடுத்த 138. அதையே தாண்டியது இது. 2009இல் விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டுமலர் ஆண்டின் ஐந்து கிரிக்கெட் வீரர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. 1889இலிருந்து வரும் அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் பெண். அதே வருடம் டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் 163ஐத் துரத்தும்போது 53 பந்தில் ஆட்டமிழக்காமல் 76. கூட நின்றவர் பெத் மோர்கன், மிடில்செக்ஸ்காரர், 46. அந்த ஆட்டத்தைக் கிடைத்தால் பாருங்கள். சிக்ஸர் மழை கிடையாது. இடைவெளி பார்த்துத் தட்டிவிட்டு ஓடி ஓடியே ஆஸ்திரேலியாவைக் களைக்க வைத்திருப்பார்கள். கவுண்டி கிளப் மைதானங்களில் பழகிய ஆட்டம் அது.

அந்த 2009இல் எட்வர்ட்ஸ் தலைமையில் இங்கிலாந்து இரண்டு உலகக் கோப்பை வென்றது: மார்ச்சில் சிட்னியில் ஒருநாள், ஜூனில் லார்ட்ஸில் டி20. இரண்டு இறுதியிலும் எதிரணி நியூசிலாந்து.

எட்வர்ட்ஸ் இங்கிலாந்து அணியை விட்டுப் போன விதம்தான் கேள்வி கேட்டவர் தெரிந்துகொள்ள வேண்டியது. 2016 டி20 உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. மார்ச் 27, நம் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக இங்கிலாந்து ஆடியது. எட்வர்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 77. கூடத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 37 எடுத்தவர் டாமி பியூமான்ட். இருவருமே கென்ட். அதாவது அன்று சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்காக இறங்கியது ஒரு கவுண்டியின் ஜோடி. மூன்று நாள் கழித்து டெல்லியில் அரையிறுதி, ஆஸ்திரேலியாவிடம் ஐந்து ரன்னில் தோல்வி. அந்தத் தொடரில் இங்கிலாந்துக்கு அதிக ரன் எடுத்தவர் எட்வர்ட்ஸ்தான். ஆனால் புதுப் பயிற்சியாளர் மார்க் ராபின்சன், இனி இளையவர்கள்தான் பொறுப்பெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். மே மாதம் எட்வர்ட்ஸ் ஓய்வை அறிவித்தார். 191 ஒருநாள் ஆட்டம், 5,992 ரன், 9 சதம். இன்னும் எட்டு ரன் எடுத்திருந்தால் ஆறாயிரம். இருபது வருடத்தில் டெஸ்ட் 23; சராசரி 44. கேப்டனாக மட்டும் 220 ஆட்டம்.

ராபின்சன் செய்தது சரியா என்று கேட்டால், எனக்கு இரண்டு மனசு. அனுப்பிய நேரம் கொடுமை. ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். ஜூனில் பாகிஸ்தானோடு ஒருநாள் தொடர். வூஸ்டரில் பியூமான்டும் லாரன் வின்ஃபீல்டும் முதல் விக்கெட்டுக்கு 235. பியூமான்ட் 104, அவருடைய முதல் சர்வதேசச் சதம். அடுத்த ஆட்டம் டான்டனில், ஆட்டமிழக்காமல் 168. எட்வர்ட்ஸின் 173க்கு ஐந்து ரன் குறைவு! 2009இலிருந்தே இங்கிலாந்து அணிக்குள் வந்தும் போயுமாக இருந்தவர் அவர். நிரந்தர இடம் கிடைத்ததும் வெடித்தது. 2017இல் சொந்த மண்ணில் உலகக் கோப்பை, 410 ரன், தொடரின் சிறந்த ஆட்டக்காரர். 2023இல் டிரென்ட் பிரிட்ஜ் ஆஷஸ் டெஸ்டில் 208. டெஸ்டில் இரட்டைச் சதம் அடித்த முதல் இங்கிலாந்துப் பெண். அதற்கு முன் இருந்த உச்சம் பெட்டி ஸ்னோபால் 1935இல் எடுத்த 189. எண்பத்தெட்டு வருடம் ஒரு சாதனை நின்றதற்குக் காரணம் ஸ்னோபாலின் திறமை மட்டும் அல்ல. நடுவில் டெஸ்டே அத்தனை குறைவாக நடந்தது.

இங்கிலாந்திலிருந்து விலக்கப்பட்ட அந்தக் கோடையில் எட்வர்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. கென்ட் 2016 கவுண்டிப் பட்டத்தை வென்றது. புதிதாகத் தொடங்கிய டி20 சூப்பர் லீகில் சதர்ன் வைப்பர்ஸ் அணிக்குக் கேப்டனாக இருந்து முதல் கோப்பையையும் தூக்கினார். அடுத்த வருடத்தோடு மட்டையை வைத்துவிட்டுப் பயிற்சியாளர் ஆனார். மும்பை இந்தியன்ஸ் பெண்கள் அணி 2023, 2025 பெண்கள் பிரீமியர் லீக் கோப்பைகளை வென்றது அவர் பயிற்சியில்தான். 2025 ஏப்ரலில் இங்கிலாந்துப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர்.

இனி இரண்டாவது கேள்வி, கவுண்டியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா. 2020 வரை முடியாது. இங்கிலாந்து ஒப்பந்தம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் ஒன்றுமில்லை என்ற நிலை. 2019உடன் பழைய கவுண்டி சாம்பியன்ஷிப்பை நிறுத்தினார்கள். கடைசிப் பட்டமும் கென்ட்டுக்குத்தான், மொத்தம் எட்டு. 2020இல் நாட்டை எட்டு வட்டாரங்களாகப் பிரித்து, முன்னாள் இங்கிலாந்துக் கேப்டன் ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட் பெயரில் ஒருநாள் கோப்பை. அந்த வருட இறுதியில், தேசிய அணியில் இல்லாத 41 பேருக்கு உள்நாட்டு ஒப்பந்தம்.

இதன் அர்த்தம் என்ன என்று தெரிய ஜார்ஜியா ஆடம்ஸைப் பாருங்கள். சசெக்ஸ் ஆண்கள் அணிக் கேப்டனாக இருந்த கிறிஸ் ஆடம்ஸின் மகள். பதின்வயதிலிருந்து சசெக்ஸ் பெண்கள் அணியில் ஆடியவர். இங்கிலாந்துத் தொப்பி, அதாவது தேசிய அணியில் இடம், கிடைக்கவில்லை. பழைய காலமாக இருந்தால் இருபத்தைந்து இருபத்தாறு வயதில் ஏதோ ஒரு அலுவலகத்தில் சேர்ந்து, கிரிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்தியிருப்பார். ஆனால் 2020இல், எட்டு வட்டார அணிகளில் ஒன்றாகிவிட்ட வைப்பர்ஸின் கேப்டனாக அந்த ஒருநாள் கோப்பையில் 500 ரன் எடுத்தார். போட்டியிலேயே அதிகம் அதுதான். அதில் ஒன்று ஆட்டமிழக்காத 154. கோப்பையும் வைப்பர்ஸுக்கே. பயிற்சியாளர் யார் தெரியுமா? எட்வர்ட்ஸ். தேசிய அணிக்கு ஆடாமலே, கவுண்டிக்கு ஆடுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு பெண் பேட்டர் இப்படித்தான் சாத்தியமானார். ஆண்களில் இப்படி நூற்றுக்கணக்கானவர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள். பெண்களில் இது புது ரகம்.

2025இல் மறுபடி கவுண்டிப் பெயர்களுக்கே திரும்பிவிட்டார்கள். முதல் அடுக்கில் எட்டு அணி: சர்ரே, ஹாம்ப்‌ஷயர், எசெக்ஸ், சாமர்செட், வாரிக்‌ஷயர், லங்காஷயர், டர்ஹம், நாட்டிங்காமில் மையம் கொண்ட தி பிளேஸ். அங்கே ஆடுபவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள். முதல் ஒப்பந்தம் பெறும் புதுமுகத்துக்கு 2025இல் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 20,000 பவுண்ட், ஆண்களுக்கு நிகராக. பெரிய பணம் அல்ல, லண்டன் வாடகைக்கு நிச்சயம் போதாது. ஆனால் சம்பளம்.

அந்த எட்டில் கென்ட் இல்லை, கவனித்தீர்களா? சசெக்ஸும் இல்லை. பன்னிரண்டு வருடம் பட்டத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்த இரண்டு கவுண்டிகளும் இப்போது இரண்டாம் அடுக்கில். எந்தக் கவுண்டிக்கு இடம் என்பதை ஏலம் கேட்பதுபோல விண்ணப்பம் வாங்கி முடிவு செய்தார்கள். மைதானம், பணம், நிர்வாகத் திட்டம் எல்லாம் பார்த்தார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. கேன்டர்பரியில் இப்போது நன்றாக மட்டை பிடிக்கும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தால், தொழில்முறை ஆட்டத்துக்கு அவள் சர்ரேக்கோ எசெக்ஸுக்கோ போயாக வேண்டும். பியூமான்டே இப்போது தி பிளேஸ் ஆட்டக்காரர்.

கணக்கு பார்க்க விரும்பினால் ஒரு யோசனை. 2019 வரையிலான கவுண்டி ரன்களையும் 2020க்குப் பிந்தைய ரன்களையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். முதலாவதில் எதிரே பந்து போட்டவர் மறுநாள் வேலைக்குப் போகிறவர். இரண்டாவதில் அவரும் குளிர்காலம் முழுக்க ஜிம்மில் இருந்துவிட்டு வருகிறவர். முதல் அடுக்கு 2026இல் யார்க்‌ஷயரும், 2027இல் கிளமார்கனும் சேர்ந்து பத்து அணியாகப் பெரிதாகிறது. கென்ட்டுக்கு எப்போது என்று இன்னும் தேதி இல்லை.